வாழைத்தாரும் அடியில்லா உழக்கும்

தாமிரபரணிக் கரையில் உள்ள ஏரல் சுற்றுவட்டாரத்தில் வாழைத்தாரைப் பழுக்கவிட்டு வெட்டும் வழக்கம் இல்லை. காயின் பட்டை மழுங்கி, உடம்பு உருண்டு வரும்போதே, முக்கால் விளைச்சலில் வெட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு தார் எத்தனை நாள் பச்சையாக நிற்கும், என்றைக்கு மஞ்சளாகும் என்பதில்தான் காசு இருக்கிறது. கேரளத்துக்கு லாரி ஏறும் ஏத்தன் வாழை வழியில் பழுத்துவிடக் கூடாது. ஆடி அமாவாசைக்குச் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு வரும் கூட்டத்தை நம்பி வாங்கிவைத்த கோழிக்கூடு ரகமோ அன்று காலையில் பழமாக இருந்தாக வேண்டும். மறுநாள் பழுத்தால் பாதி விலைக்கும் ஆள் இருக்காது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் கால்வாய்த் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு மாதம் வளர்ந்த வாழையின் கடைசி ஒரு வாரத்தைத் தீர்மானிப்பது ஒரு வாயு. அதன் பெயர் எத்திலீன்.

எத்திலீனில் இருப்பது ஆறே அணுக்கள்: கார்பன் இரண்டு, ஹைட்ரஜன் நான்கு. 1901இல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யூபோவ், ஆய்வகத்துப் பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்வதற்குக் காரணம் விளக்கு எரிக்கும் வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் என்று காட்டினார். 1934இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன், பழுக்கும் ஆப்பிள் தானாகவே இந்த வாயுவை விடுகிறது என்று நிறுவினார். வாழைக்கும் அதே கதை. பழுக்கத் தொடங்கும் காய் எத்திலீனை வெளிவிடும். அது பட்ட பக்கத்துக் காயும் தன் பங்குக்கு விடும். தாரில் ஒரு சீப்பு முந்திக்கொண்டால் மற்ற சீப்புகள் பின்னாலேயே ஓடிவருவது இதனால்தான்.

வியப்பு அளவில் இருக்கிறது. ஒரு கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்கு எத்திலீன் இருந்தாலே செடிக்குத் தெரிந்துவிடுகிறது. ஆக்சிஜன், நைட்ரஜன், நீராவி என்று முட்டிமோதும் கூட்டத்தில், மின்னேற்றம் எதுவும் இல்லாத, பிடித்துக்கொள்ள ஒரு கொம்புகூட நீட்டாத இந்தச் சிறு மூலக்கூறைச் செடி எப்படி அடையாளம் கண்டு பிடிக்கிறது?

இந்த அத்தியாயம் அந்தப் பிடியைப் பற்றியது. தன்னுள் ஒரு குழியோ வளையமோ வைத்திருக்கும் பெரிய மூலக்கூறை வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அதில் வந்து உட்காரும் சிறியது விருந்தாளி. பெரும்பாலும் இருவருக்கும் இடையில் நிலையான வேதிப்பிணைப்பு உண்டாவதில்லை. விருந்தாளி வந்தபடியே திரும்பிப் போகலாம். வடிவப் பொருத்தம், மின்னேற்றங்களின் ஈர்ப்பு, சுற்றியுள்ள தண்ணீரின் நெருக்கடி ஆகிய மூன்றும் சேர்ந்து விருந்தாளியை உட்காரவைக்கின்றன.

1894இல் எமில் ஃபிஷர் நொதிகளைப் பற்றிச் சொல்லும்போது பூட்டும் சாவியும் என்றார். நூற்று முப்பது வருடமாகப் பாடப்புத்தகங்கள் அதையே சொல்லிக்கொண்டிருக்கின்றன. எனக்கு அதில் பாதித் திருப்திதான். சாவி பொருந்துகிறதா என்று கேட்பதோடு அந்த உவமை நின்றுவிடுகிறது. எவ்வளவு நேரம் உள்ளே இருக்கும், எப்போது வெளியே வரும் என்று அது கேட்பதில்லை. வேதியியலில் பல சமயம் அந்தக் கேள்விதான் முக்கியம்.

எத்திலீனுக்கு வீடு ஒரு புரதம். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில்தான் அது முதலில் பிடிபட்டது. எத்திலீனைக் கண்டுகொள்ளாத ஒரு திரிபுச் செடியை 1988இல் ஆண்டனி பிளீக்கரும் கூட்டாளிகளும் அடையாளம் கண்டார்கள். 1993இல் அதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. செல்லுக்குள் உள்ள சவ்வில் பதிந்திருக்கும் இந்தப் புரதம் எத்திலீனை எதைக் கொண்டு பிடிக்கிறது என்ற விடை 1999இல் வந்தது. குழியின் நடுவே ஒரு தாமிர அயனி இருக்கிறது. எத்திலீனின் இரண்டு கார்பன்களுக்கு நடுவே உள்ள இரட்டைப் பிணைப்பில் எலெக்ட்ரான்கள் கொஞ்சம் தளர்வாகப் பரவிக் கிடக்கின்றன. தாமிரம் அந்த எலெக்ட்ரான் மேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. நைட்ரஜனும் நீராவியும் பக்கத்தில் வந்தாலும் தாமிரம் அவற்றைச் சட்டை செய்வதில்லை. வாழையில் இருப்பதும் இதே குடும்பத்துப் புரதங்கள்தாம்.

உலோகம் இருக்கும் என்ற ஊகம் அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. 1967இல் ஸ்டான்லி பர்க், எலன் பர்க் தம்பதியர் எத்திலீனைப் போன்ற வாயுக்களை வரிசையாகச் செடிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எத்திலீனின் அதே விளைவைப் பெற புரோப்பிலீன் 100 மடங்கு தேவைப்பட்டது. கார்பன் மோனாக்சைடு சுமார் 2700 மடங்கு, அசிட்டிலீன் சுமார் 2800 மடங்கு. உலோகத்தோடு ஒட்டும் குணமுள்ள வாயுக்களே வேலை செய்தன. மூலக்கூறு பெரிதாகப் பெரிதாகப் பிடி நழுவியது. வீட்டைக் கண்ணால் பார்க்காமலேயே, யார் யார் உள்ளே போக முடிகிறது என்பதை வைத்து வாசலின் அகலத்தையும் உள்ளே இருக்கும் பொருளையும் கணித்த நல்ல துப்பறியும் வேலை அது.

இந்தப் பட்டியலில் இரண்டு பெயர்கள் நம் வாழைமண்டிக்கு நன்றாகத் தெரிந்தவை. அசிட்டிலீன் என்பது கார்பைட் கல்லில் ஈரம் பட்டதும் கிளம்பும் வாயு. எத்திலீனின் இடத்தில் உட்காரத் தெரிந்த, ஆனால் திறமை குறைந்த விருந்தாளி. அதனால்தான் கல்லை அள்ளி அள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. கூடவே கல்லில் அழுக்காக இருக்கும் பாஸ்பரஸும் ஆர்செனிக்கும் நச்சு வாயுக்களாகக் கிளம்புகின்றன. கார்பைட் வைத்துப் பழுக்கவைப்பது 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி இந்தியா முழுவதும் தடைசெய்யப்பட்டது. எத்திலீன் வாயுவையே 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை பயன்படுத்த 2016இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதி தந்தது. பழம் தானே உண்டாக்கும் வாயுவைக் கொஞ்சம் முன்னதாகக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். கல்லை நம்புகிறவர்கள் 2800இல் ஒரு பங்கு திறமையுள்ள ஆளுக்கு முழுச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

இன்னொரு பெயர் கார்பன் மோனாக்சைடு. மூட்டம் போட்டுப் பழுக்கவைத்த காலத்தில் தார்களை அறையில் அடுக்கி, வாழைச்சருகு போட்டு மூடி, பானையில் கதம்பையும் எருவும் புகையவிட்டு அடைத்துவிடுவார்கள். அரைகுறையாக எரியும் நெருப்பின் புகையில் எத்திலீனும் உண்டு, கார்பன் மோனாக்சைடும் உண்டு. காயைப் பழுக்கவைப்பது முன்னது. கதவைத் திறந்ததும் உள்ளே நுழைகிற ஆளின் தலையைச் சுற்றவைப்பது பின்னது.

ஏன் என்று பார்த்தால் இன்னொரு வீட்டுக்காரரைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஹீம் என்ற தட்டையான வளையம் இருக்கிறது. அதன் நடுவே இரும்பு. ஆக்சிஜன் அந்த இரும்பின் மேல் உட்கார்ந்து நுரையீரலிலிருந்து பயணம் போகிறது. ஹீமைத் தனியே பிரித்தெடுத்துச் சோதித்தால் அது ஆக்சிஜனைவிடச் சுமார் 20,000 மடங்கு இறுக்கமாகக் கார்பன் மோனாக்சைடைப் பிடிக்கிறது. புரதத்தின் குழிக்குள் வைத்ததும் அந்த 20,000 சுமார் 200 ஆகக் குறைந்துவிடுகிறது. குழியின் ஓரத்தில் நிற்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆக்சிஜனுக்கு ஒரு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகொடுத்துத் தாங்குகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு அந்தச் சலுகை கிடையாது. நம் உடம்பே, பழைய ஹீமைச் சிதைக்கும்போது கொஞ்சம் கார்பன் மோனாக்சைடை உண்டாக்குகிறது. குழியின் இந்தப் பாரபட்சம் இல்லாவிட்டால் அந்தக் கொஞ்சமே நம்மைச் சாய்க்கப் போதும். ஆனால் அடைத்த மூட்ட அறையில் இருக்கும் அளவுக்கு 200 மடங்கு ஈர்ப்பும் ஆபத்தானதுதான். மூட்டம் போடும் பழக்கம் இன்னும் எங்காவது இருந்தால், கதவைத் திறந்து காற்றோட்டம் வந்த பிறகே உள்ளே போக வேண்டும்.

ஹீமோகுளோபினின் பெருமை ஆக்சிஜனைப் பிடிப்பதில் பாதிதான். மீதி, தசையில் போய் அதை விடுவதில் இருக்கிறது. நுரையீரலில் பிடித்த பிடியை அங்கே தளர்த்தாவிட்டால் அது வண்டியாக இருக்காது, பெட்டகமாகிவிடும்.

எத்திலீன் புரதத்தின் கணக்கு வேறு. அராபிடாப்சிஸின் புரதத்தை ஈஸ்ட் செல்லில் உண்டாக்கி அளந்தபோது, பிடித்த எத்திலீனில் பாதி வெளியேற ஏறக்குறைய 12 மணி நேரம் ஆனது. விருந்தாளி உட்கார்ந்தால் பாதி நாள் எழுந்திருப்பதில்லை. வேலை செய்யும் விதமும் தலைகீழ். குழி காலியாக இருக்கும்வரை இந்தப் புரதம் 'பழுக்காதே, பழுக்காதே' என்று செல்லுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எத்திலீன் வந்து உட்கார்ந்ததும் வாயை மூடிக்கொள்கிறது. தடுக்க ஆள் இல்லாததால் காய் பழுக்கிறது. பழுக்காமல் வைக்க வேண்டுமானால், எத்திலீனுக்கு முன்பாக அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, புரதத்தின் வாயை மட்டும் மூடாமல் விடும் ஒரு பொய் விருந்தாளி வேண்டும்.

1970களில் வெள்ளி அயனி அந்த வேலையைச் செய்தது. கொய்த கார்னேஷன் பூக்கள் வாடாமல் இருக்க வெள்ளி உப்புக் கரைசலில் வைத்தார்கள். பூவுக்குச் சரி, தின்னும் பழத்துக்கு வெள்ளி உப்பு கூடாது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சிஸ்லர் தேடிக்கொண்டே இருந்தார். அவரும் சில்வியா பிளாங்கென்ஷிப்பும் 1996இல் காப்புரிமை பெற்ற பொருள் 1-மெத்தில்சைக்ளோபுரோப்பீன். நான்கு கார்பன், ஆறு ஹைட்ரஜன். எத்திலீனைவிடச் சுமார் பத்து மடங்கு இறுக்கமாகக் குழியில் உட்காரும். எழுந்து போவது அநேகமாகக் கிடையாது. காய் மறுபடி பழுக்க வேண்டுமானால் புதிய புரதங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும். பத்து லட்சத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ காற்றில் இருந்தால் போதும்.

ஒரே சிக்கல், அது வாயு. அதிலும் நிலையில்லாத வாயு. மூன்று கார்பன் முக்கோணத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பைத் திணித்து வைத்திருப்பதால் எப்போதும் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. செறிவாக அடைத்தால் தன்னோடு தானே வினைபுரியும், வெடிக்கவும் கூடும். இப்படிப்பட்ட ஒன்றை உருளையில் அடைத்து எந்தப் பழக்கிடங்குக்கு அனுப்புவது?

அனுப்பிய வழியில்தான் மூன்றாவது வீட்டுக்காரர் வருகிறார். அவர் மாவுச்சத்திலிருந்து பிறந்தவர்.

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. அதில் அமைலோஸ் என்ற கிளையில்லாத வகை தண்ணீரில் சுருண்டு, ஒரு சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ் என்ற கணக்கில் சுருளாகிறது. சுருளின் நடுவே அரை நானோமீட்டர் அகலத்தில் ஒரு துளை. கடல்பாசிச் சாம்பலிலிருந்து அயோடின் 1811இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. மூன்றே வருடத்தில், 1814இல், பிரான்சில் கோலாங்கும் கோல்டியே டி கிளோப்ரியும் அது மாவோடு சேர்ந்தால் நீலமாகிறது என்று எழுதினார்கள். அயோடின் அணுக்கள் அந்தத் துளைக்குள் வரிசையாக நுழைந்து சங்கிலியாக நிற்கும்போது ஒளியை உறிஞ்சும் விதம் மாறி நீலம் தோன்றுகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். மருந்துப்பெட்டியில் இருக்கும் பெட்டாடைனில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, நறுக்கிய பச்சை வாழைக்காய் வில்லையின் மேல் ஒரு சொட்டு விடுங்கள். தேன்நிறம் கண்முன்னே கருநீலமாகும். பழுத்த கோழிக்கூட்டின் வில்லையில் அதே சொட்டு தேன்நிறமாகவே கிடக்கும். செங்காயாக இருந்தால் திட்டுத்திட்டாக நீலம் பிடிக்கும். பச்சைக்காயின் சதையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் மாவு. பழத்தில் அது ஏறக்குறைய முழுவதும் சர்க்கரையாகிவிடுகிறது. ஏத்தன் மட்டும் பழுத்த பிறகும் கொஞ்சம் மாவை மிச்சம் வைத்துக்கொள்ளும். அவித்துத் தின்றால் அது நன்றாக இருப்பதற்கும் அந்த மிச்ச மாவுக்கும் தொடர்பு உண்டு. எத்திலீன் குழியில் உட்கார்ந்ததன் விளைவை இப்படி நிறமாகவே பார்த்துவிடலாம். சோதித்த வில்லையை மட்டும் தின்றுவிடாதீர்கள்.

இந்தச் சொட்டுக்குள் நடந்தது ஒரு வீடு மாற்றம். பெட்டாடைனில் அயோடின் தனியாக இல்லை. பாலிவினைல்பைரோலிடோன் என்ற செயற்கை நெடுஞ்சங்கிலி அதைத் தளர்வாகப் பிடித்து வைத்திருக்கிறது. 1950களில் வந்த இந்த ஏற்பாட்டுக்கு முன்பு, புண்ணில் டிங்சர் அயோடின் தடவினால் ஆள் துள்ளிக் குதிப்பார். இப்போது அயோடின் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடப்படுகிறது. அதனால் எரிச்சல் குறைவு. வாழைக்காய் வில்லையில் அது பழைய வீட்டைவிட்டு அமைலோஸ் சுருளுக்குள் குடிபோகிறது.

வடிகஞ்சியை ஆறவைத்து, நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், நீலம். அதைச் சூடாக்குங்கள். கொதிவருவதற்கு முன்பே நீலம் வெளுத்து மறையும். ஆறவிட்டால் திரும்பி வரும். சூட்டில் சுருள் குலைந்து அயோடின் வெளியேறுகிறது, ஆறினால் சுருள் திரும்பி அயோடினும் திரும்புகிறது. வரவும் போக்கும் எப்போதும் நடந்துகொண்டே இருக்கின்றன. வெப்பமும் செறிவும் எந்தப் பக்கம் கை ஓங்கும் என்பதை மட்டும் மாற்றுகின்றன. வேதியியலாளர்கள் பிணைப்பு மாறிலி என்று ஓர் எண்ணால் குறிப்பது இந்த இழுபறியைத்தான்.

1891இல் பிரான்சில் வில்லியே மாவை நுண்ணுயிர்களுக்குத் தின்னக் கொடுத்தபோது, மீதியில் எதிர்பாராத படிகங்கள் கொஞ்சம் கிடைத்தன. 1903 முதல் ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் ஷார்டிங்கர் அவற்றை ஆராய்ந்து இரண்டு வகை இருப்பதைக் கண்டார். பிரித்தறிய அவர் கையாண்டதும் அயோடின் சோதனையைத்தான். நுண்ணுயிரின் நொதி ஒன்று மாவின் சுருளை வெட்டி, வெட்டிய இரு முனைகளையும் சேர்த்து வளையமாக ஒட்டிவிடுகிறது. ஆறு குளுக்கோஸ் வளையம் ஆல்ஃபா, ஏழு பீட்டா, எட்டு காமா. பொதுப்பெயர் சைக்ளோடெக்ஸ்ட்ரின். உருவத்தில் அடி கழன்றுபோன உழக்கு மாதிரி: ஒருபக்க வாய் அகலம், மறுபக்கம் கொஞ்சம் ஒடுக்கம், இரண்டும் திறப்பு. மூன்றுக்கும் உயரம் சுமார் 0.8 நானோமீட்டர்தான். உள் அகலம் மட்டும் ஆல்ஃபாவில் 0.5, பீட்டாவில் 0.6க்கு மேல், காமாவில் 0.8 நானோமீட்டர் அளவில் வருகிறது.

வெளிச்சுவர் முழுவதும் தண்ணீரோடு உறவாடும் ஹைட்ராக்சில் தொகுதிகள். அதனால் தண்ணீரில் கரைகிறது. உட்சுவர் எண்ணெய்ப்பசையுள்ள பொருள்களுக்குத் தோதானது. காலியாக இருக்கும்போது உள்ளே சில தண்ணீர் மூலக்கூறுகள் அடைபட்டுக் கிடக்கும். தண்ணீர் மூலக்கூறு தன் அக்கம்பக்கத்தாரோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்க விரும்பும். இந்தச் சுவரோடு கைகோக்க முடியாது. எண்ணெய்த்தன்மையுள்ள விருந்தாளி எட்டிப் பார்த்ததும் அவை இடத்தைக் கொடுத்துவிட்டு வெளிக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்கின்றன. வெளியில் இருந்தபோது விருந்தாளியைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்ற தண்ணீருக்கும் விடுதலை. வீட்டுக்காரர் இழுத்ததைவிடத் தண்ணீர் தள்ளியது அதிகமாக இருக்கும் இடங்கள் உண்டு. ஆத்தூர் வெற்றிலையைக் கசக்கினால் மூக்கில் ஏறும் மணத்தில் பங்குள்ள யூஜினால், பீட்டாவுக்குள் அப்படித்தான் அமர்கிறது. பைராக்சிகாம் என்ற வலிமருந்தையும் பீட்டாவில் ஏற்றி விற்கிறார்கள். நம் பக்கத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சைக்ளோடெக்ஸ்ட்ரினை வைத்து நீண்டகாலம் ஆய்வு நடந்திருக்கிறது.

பழத்துக்கு வருவோம். அந்த முறுக்கிய வாயுவுக்கு ஆல்ஃபாவின் உழக்கு சரியாக வாய்த்தது. உள்ளே ஒன்று போய் உட்கார்ந்துவிட்டால் இன்னொன்றைச் சந்திக்க வழியில்லை. தன்னோடு தானே வினைபுரியும் பயம் போயிற்று. வாயு இப்போது வெள்ளைப் பொடி. 100 கிராம் பொடியில் வாயு 3.3 கிராம். கிடங்கில் பொடியைத் தண்ணீரில் போட்டுக் கதவை அடைத்தால் போதும். பொடி கரைகிறது, வாயு உழக்கைவிட்டுக் கிளம்பிக் காற்றில் கலக்கிறது. விருந்தாளியைப் போகவிடுவதற்காகவே கட்டிய வீடு. அமெரிக்காவில் பூக்களுக்கு 1999இலும், உண்ணும் பழங்களுக்கு 2002இலும் அனுமதி கிடைத்தது. ஆப்பிள் கிடங்குகளில் இன்று இது சாதாரணம். நுண்ணுயிரின் நொதி மாவிலிருந்து செய்துகொடுத்த வளையம், தாமிரம் பதித்த புரதக் குழிக்கு ஒரு பொய் விருந்தாளியைச் சுமந்து வருகிறது.

முழுக்க மனிதன் கட்டிய வீடுகளும் உண்டு. பூசானில் பிறந்து அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தில் வேலைபார்த்த சார்லஸ் பெடர்சன் 1967இல் அறிவித்த கிரீட ஈதர்கள் அவற்றில் மூத்தவை. அவர் தேடியது வேறு பொருள், வினைக்கலத்தில் 0.4 சதவீதம் மட்டும் ஒதுங்கிய வெள்ளைப் படிகத்தைத் தூக்கி எறியாமல் வைத்துப் பார்த்தார். ஆறு ஆக்சிஜன்கள் உள்நோக்கி நிற்கும் வளையம் அது. பொட்டாசியம் அயனி அதன் நடுவில் கச்சிதமாக உட்காரும். சோடியம் சிறியது, அந்த வளையத்துக்குள் அவ்வளவு பொருந்தாது. தூத்துக்குடி உப்பளத்துச் சோடியத்தையும் வாழைப்பழத்துப் பொட்டாசியத்தையும் அளவை மட்டும் வைத்துப் பிரித்தறிகிற செயற்கைப் பொருள் அதற்கு முன்பு கிடையாது.

வாழை ஏற்றுமதி செய்கிறவர்கள் பெட்டிக்குள் பெர்மாங்கனேட் பொட்டலம் வைப்பதுண்டு. அது எத்திலீனை ஆக்சிஜனேற்றம் செய்து தீர்த்துவிடும். கிணற்றில் போடும் அதே பொட்டாசியம் பெர்மாங்கனேட் பென்சீனில் கரையவே கரையாது. கிரீட ஈதரைச் சேர்த்தால் பொட்டாசியம் வளையத்துக்குள் போய் உட்கார்ந்து பென்சீனுக்குள் இறங்கும், பெர்மாங்கனேட்டும் அதன் பின்னாலேயே போகும், பென்சீன் ஊதாவாகும். இந்தத் துறைக்காகப் பெடர்சன், ழான்-மாரி லேன், டொனால்ட் கிராம் மூவருக்கும் 1987இல் நோபல் கிடைத்தது. 2025இல் கிட்டகாவா, ராப்சன், யாகி மூவருக்கு நோபல் பெற்றுத்தந்த உலோக-கரிமச் சட்டகங்களும் இந்த வம்சம்தான். காமா சைக்ளோடெக்ஸ்ட்ரினையும் பொட்டாசியத்தையும் வைத்தே அப்படி ஒரு சட்டகத்தை ஃபிரேசர் ஸ்டாடர்ட் குழுவினர் 2010இல் கட்டினார்கள். மாவும் பொட்டாசியமும், வாழைக்காயில் இல்லாதது எதுவும் அதில் இல்லை.

இறுக்கத்தின் எல்லையைப் பார்க்க மறுபடி வாழைத்தோட்டத்துக்குத்தான் வர வேண்டும், இந்த முறை வேருக்கு. 2023 டிசம்பர் வெள்ளம் தாமிரபரணிக் கரையில் வயலோடு வாழையை அழித்த பிறகு, மறுபடி கன்று வைத்த தோட்டங்களில் பலர் சூடோமோனாஸ் என்று சொல்லும் பொடியைக் கேட்டிருப்பார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வாடல் நோய்க்கு எதிராகக் கன்று நேர்த்திக்குப் பரிந்துரைக்கும் பாக்டீரியா அது. மண்ணில் இரும்பு ஏராளம், ஆனால் துருவாகக் கிடப்பதால் கரைவது அணுவளவு. இந்தப் பாக்டீரியா மஞ்சள்பச்சையாக ஒளிரும் ஒரு மூலக்கூறை மண்ணில் விட்டு, இரும்பைக் கவ்வித் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. வாடல் பூஞ்சைக்கு இரும்பு கிடைக்காமல் போகிறது. வேரருகே வாழும் இத்தகைய பாக்டீரியாக்கள் இந்த வழியில்தான் பயிருக்கு உதவுகின்றன என்று குளோப்பரும் கூட்டாளிகளும் 1980இல் காட்டினார்கள். இரும்பைக் கவ்வும் அந்த மூலக்கூறின் பிணைப்பு மாறிலி, ஒன்றுக்குப் பின்னால் முப்பது சுழி போடும் அளவில் வரும். சைக்ளோடெக்ஸ்ட்ரின்களுக்குப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு சுழிதான்.

குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் என்டரோபாக்டின் இன்னும் ஒரு படி மேலே போகிறது: 49 சுழி. இவ்வளவு இறுகப் பிடித்தால் விடுவது எப்படி? விடுவதில்லை. பாக்டீரியா தன் செல்லுக்குள் கொண்டுபோய், தனி நொதி வைத்து வீட்டையே உடைத்துத்தான் இரும்பை எடுக்கிறது. ஓர் இரும்பு அயனிக்கு ஒரு வீடு. அடுத்ததற்குப் புதிதாகக் கட்ட வேண்டும். பட்டினி கிடக்கிற உயிருக்கு அந்தச் செலவு கட்டுபடியாகிறது.

விடவே கூடாத வேலையும் உண்டு. அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ரோகுரோனியத்தின் வேலை முடிந்ததும் அதை இரத்தத்திலேயே விழுங்கி வெளியேற்ற, காமா சைக்ளோடெக்ஸ்ட்ரினின் வாயில் எட்டுக் கைகள் வைத்துச் செய்த சுகமாடெக்ஸ் என்ற மருந்து 2008இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அதே உழக்குக் குடும்பம், பழக்கிடங்கில் விடுவதற்கு, அறுவை அரங்கில் விடாமல் இருப்பதற்கு.

ஆப்பிளுக்குக் கைகொடுத்த வெள்ளைப் பொடி ஏரல் வாழைக்கும் அப்படியே கைகொடுக்குமா? இங்கேதான் வியாபாரிகள் அவசரப்படக் கூடாது. ஆப்பிள் பழுக்காமல் நின்றால் லாபம். வாழை நிற்கவும் வேண்டும், பிறகு ஒருசீராகப் பழுக்கவும் வேண்டும். நன்றாக விளைந்த பச்சைக்காய்க்கு இந்த வாயுவைக் கொடுத்தால், பிறகு தோல் திட்டுத்திட்டாக, ஒருபக்கம் மஞ்சள் ஒருபக்கம் பச்சை என்று மாறுவதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. விடாத விருந்தாளியின் குணம் அது. எந்தக் காயில் எத்தனை குழி அடைபட்டது, புதிய புரதம் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது காய்க்குக் காய் வேறுபடும். ஒரே தாரின் முதல் சீப்பும் கடைசிச் சீப்பும் ஒரே வயதில் இருப்பதில்லை. ரகத்துக்கு ரகமும் மாறும்.

என் கருத்தைச் சொன்னால், உள்ளூருக்கும் கேரளத்துக்கும் போகும் தாருக்கு இந்தப் பொடி தேவையில்லை. 15 முதல் 18 டிகிரி வெப்பத்தில், அளவான எத்திலீனில் பழுக்கவைக்கும் அறை பக்கத்திலேயே இருந்தால் போதும். கார்பைட் கல்லுக்கும் வேலை இருக்காது. கப்பலில் போகும் காய்க்குத்தான் பொடி. அதற்கும் ஏத்தனுக்கு எவ்வளவு, கோழிக்கூட்டுக்கு எவ்வளவு, எந்த விளைச்சலில், எத்தனை மணி நேரம் என்று நம் ரகங்களுக்குத் தனித்தனி அளவு வேண்டும். திருச்சியில் 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஏரலுக்குப் பக்கத்திலேயே கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது. வேதியியலோ தோட்டக்கலையோ படிக்கும் நெல்லைச் சீமைப் பிள்ளைகள் யாராவது முதுகலை ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டாடைன் சொட்டிலிருந்தே தொடங்கலாம்.